பற்பசை தேய்க்காதீர்கள், தீ காட்டாதீர்கள்!
பிளாஸ்டிக் லென்ஸ் மாஸ்க்கில் ஆவி படியாமல் காப்பது எப்படி?

முக்குளிக்கும் மாஸ்க்கில் ஆவி படிகிறது என்று யாரிடம் சொன்னாலும் இரண்டு யோசனைகள் உடனே வரும். பற்பசை வைத்து உள்பக்கத்தை நன்றாகத் தேய்க்கச் சொல்வார்கள். அல்லது லைட்டரைப் பற்றவைத்து லேசாகச் சூடு காட்டச் சொல்வார்கள். இரண்டும் கண்ணாடி லென்ஸுக்காகப் பிறந்த வைத்தியங்கள். பிளாஸ்டிக் லென்ஸில் செய்தால் அந்த மாஸ்க் அன்றோடு பாழ்.

இன்று சாதாரண மக்கள் கையில் இருப்பதோ பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். நீச்சல் குளத்துக்கு வாங்கும் கண்ணாடிகள், குழந்தைகளுக்கான மலிவு மாஸ்க்குகள், மூச்சடக்கி முக்குளிப்பவர்கள் விரும்பும் சில சிறிய மாஸ்க்குகள் எல்லாம் இந்த வகை. 2014-இல் டெக்கத்லான் நிறுவனம் கொண்டுவந்த ‘ஈஸிபிரெத்’துக்குப் பிறகு பரவலான முழுமுக ஸ்நார்க்கல் மாஸ்க்குகளும் அப்படியே. பாலிகார்பனேட் என்ற இந்த பிளாஸ்டிக் எடை குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. ஆனால் மிக எளிதாகக் கீறல் விழும். அதைப் பராமரிக்கும் முறையே வேறு. வாங்கும்போது அதை நமக்குச் சொல்லித் தருபவர்கள் மிகக் குறைவு.

ஆவி எங்கிருந்து வருகிறது?

மாஸ்க்குக்குள் அடைபட்ட காற்று நம் முகத்தின் சூட்டிலும் ஈரத்திலும் ஊறிக் கிடக்கிறது. தோலின் வெப்பம் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸ். லென்ஸின் மறுபக்கம் தொட்டுக்கொண்டிருக்கும் கடல்நீர் 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 34 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 37 கிராம் நீராவியைத் தாங்கும். 27 டிகிரியில் 26 கிராம் அளவுக்குத்தான் தாங்கும். மிச்சமுள்ள ஈரம் குளிர்ந்த லென்ஸில் போய் ஒட்டுகிறது. மூக்கு வழியே மூச்சு விட்டால் ஈரம் இன்னும் கூடும்.

இந்த ஈரத்தைத் தடுக்க முடியாது. அது எந்த வடிவில் லென்ஸில் உட்காருகிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது. முகத்து எண்ணெய், சன்ஸ்கிரீன், விரல் பிசுக்கு, மாஸ்க்கின் சிலிகோன் விளிம்பிலிருந்து கசியும் மெல்லிய படலம் எல்லாம் தண்ணீரை விலக்குபவை. அவற்றின் மேல் ஈரம் நுண்ணிய துளிகளாகத் திரளும். ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடிக்க, எதிரே இருப்பதெல்லாம் வெண்மூட்டமாகிவிடும். பரப்பு சுத்தமாகவும் தண்ணீரை ஏற்பதாகவும் இருந்தால் அதே ஈரம் தட்டையான படலமாகப் பரவும், பார்வை தடைபடாது. சோப்பு, ஷாம்பூ, எச்சில் எல்லாம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, துளிகளைப் படலமாக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

பற்பசை என்ன செய்கிறது?

பற்பசையில் சிலிக்கா அல்லது கால்சியம் கார்பனேட் தூள் கலந்திருக்கிறது. பல்லைத் துலக்குவதற்கான அரம் அது. கடினமான கண்ணாடியில் புது மாஸ்க்கின் சிலிகோன் பிசுக்கை அது உரித்தெடுக்கும். மென்மையான பாலிகார்பனேட்டையோ கீறிவிடும். தூக்கி எறியப்போகும் பழைய நீச்சல் கண்ணாடி ஒன்றில் பற்பசையைத் தேய்த்துக் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விரல் சுழன்ற வழியெல்லாம் மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும்; அதன் மேல் மறுபடியும் ஆவி படியும். மங்கலைப் போக்கச் செய்த வைத்தியமே மங்கலை நிரந்தரமாக்கிவிடுகிறது.

தீ அதைவிட மோசம். பாலிகார்பனேட் 150 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். லைட்டர் சுடரின் வெப்பம் அதைப் போலப் பல மடங்கு. ஒரு நொடி பட்டாலும் லென்ஸ் நெளிந்துவிடலாம். அசிட்டோன், தின்னர், அம்மோனியா கலந்த ஜன்னல் துடைப்பான் திரவங்கள் ஆகியவையும் இந்த பிளாஸ்டிக்கை வெளிறச் செய்யும், நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும்.

பல பிளாஸ்டிக் லென்ஸ்களின் உள்பக்கத்தில் ஆவி தடுக்கும் பூச்சை நிறுவனங்களே பூசி அனுப்புகின்றன. ஈரத்தை உறிஞ்சிப் பரப்பும் மென்மையான பூச்சு அது. நனைந்திருக்கும்போது இன்னும் மென்மையாகிவிடும். தண்ணீரில் இருக்கும்போது மங்குகிறதே என்று விரலை விட்டுத் துடைப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பூச்சு உரிவது பெரும்பாலும் அந்த ஒரு பழக்கத்தால்தான்.

முதலில் அடையாளம் காணுங்கள்

கண்ணாடி லென்ஸ் மாஸ்க்கில் ‘டெம்பர்ட்’ என்ற ஆங்கிலச் சொல் பெரும்பாலும் லென்ஸின் ஓரத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். கையில் எடுத்தால் கனக்கும், தொட்டால் சில்லென்றிருக்கும், நகத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். பிளாஸ்டிக்கைத் தட்டினால் மொத்தென்று ஒலிக்கும். சந்தேகமாக இருந்தால் பிளாஸ்டிக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான பராமரிப்பால் கண்ணாடிக்கும் கேடில்லை.

கழுவும் முறை

அகலமான பாத்திரத்தில் நன்னீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கலக்குங்கள். மாஸ்க்கை அதில் சில நிமிடங்கள் ஊறவிடுங்கள். பூச்சுள்ள லென்ஸ் என்றால் தண்ணீரை உள்ளே அலசிச் சுழற்றினாலே போதும். பூச்சில்லாதது என்றால் விரல் நுனியால் அழுத்தாமல் தடவலாம். ஸ்க்ரப்பர், பழைய பனியன் துணி, டிஷ்யூ காகிதம் எதுவும் வேண்டாம். நன்றாக அலசி, நிழலில் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

தண்ணீரில் இறங்கும் முன், ஒரு பங்கு பேபி ஷாம்பூவுக்குப் பல பங்கு நீர் சேர்த்த கரைசலில் சில சொட்டுகளை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட ஸ்ப்ரேயும் பயன்படுத்தலாம். பிறகு ஒரே ஒரு முறை தண்ணீரில் முக்கியெடுத்து, காயவிடாமல் அணியுங்கள். சொந்த மாஸ்க் என்றால் எச்சிலும் நல்ல வேலை செய்யும். வாடகை மாஸ்க்கில் வேண்டாம். அடுத்தவர் கண்ணுக்குத் தொற்று போகும்.

முகத்தையும் நனைத்துக் குளிரவிடுங்கள். மாஸ்க் படும் இடங்களில் சன்ஸ்கிரீன் தடவாதீர்கள். மாஸ்க்கை நெற்றியில் ஏற்றி வைத்தால் வியர்வையும் சூடும் உள்ளே புகும். கழுத்தில் தொங்கவிடுவது நல்லது. கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் ஊறவைத்து உப்பைக் கரைத்துவிடுங்கள். காய்ந்த உப்புத்துகளும் மணலும் லென்ஸைக் கீறும்.

நீருக்குள் மங்கிவிட்டால், மூக்கையும் மூடும் சாதாரண மாஸ்க்கில் சிறிது நீரை உள்ளே விட்டு, குனிந்து லென்ஸில் படரவைத்து, மூக்கால் ஊதி வெளியேற்றலாம். முழுமுக மாஸ்க்கில் இது நடக்காது. கரைக்கு அருகே வந்து கழற்றித்தான் ஆக வேண்டும்.

விண்வெளி தந்த பாடம்

1966 ஜூனில் ஜெமினி 9 விண்கலத்திலிருந்து வெளியே வந்து மிதந்த யூஜின் செர்னனின் தலைக்கவச முகப்பு முழுவதும் மூச்சாவியால் மங்கிவிட்டது. மூக்கால் தேய்த்துச் சிறு இடைவெளி உண்டாக்கி, அதன் வழியே பார்த்துத்தான் அவர் கலத்துக்குத் திரும்பினார். அதன் பிறகே ஆவி தடுக்கும் பூச்சுகளில் நாசா தீவிரம் காட்டியது. 2001-இல் கனடாவின் கிறிஸ் ஹாட்ஃபீல்டுக்கு நேர்ந்தது மறுபக்கம். தலைக்கவசத்தில் பூசிய அந்தத் திரவமே கண்ணில் பட்டு, விண்நடையின் நடுவே எரிச்சலில் பார்வை போனது. எவ்வளவு நல்ல கரைசலானாலும் அளவோடு பூசி அலச வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

வயிற்றுப்பாட்டுக்காக முக்குளிப்பவர்கள்

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கிப் பாறைகளுக்கிடையே இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் கிராமத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற அமைப்பின் விருது கிடைத்தது. இவர்கள் கை நீட்டும் இடத்தில் கூரான பாறை இருக்கிறதா, முள் இருக்கிறதா என்று கண்தான் முதலில் சொல்ல வேண்டும். சுற்றுலா வந்தவருக்கு லென்ஸ் மங்கினால் ஒரு காட்சி போகும். இவர்களுக்கோ கை கிழியும், அன்றைய கூலியும் குறையும்.

நல்ல மாஸ்க் வாங்கித் தருவதோடு, அதைக் கழுவும் முறையையும் இவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். முக்குளிப்புப் பயிற்சி நிலையங்கள் முதல் வகுப்பிலேயே இதைச் சேர்க்கலாம். விற்கும் கடைகள் தமிழில் நான்கு வரி அச்சடித்துப் பெட்டிக்குள் வைக்கலாம். ஆகும் செலவு சில காசுகள். ஒரு மாஸ்க்கின் ஆயுள் கூடும். அதைவிட, அதை மாட்டிக்கொண்டு இறங்குபவரின் பாதுகாப்பும் கூடும்.