சுங்கவரி: வாங்குவோர்க்குச் சுமை, விளைவிப்போர்க்கு வேலி

அயல்நாட்டிலிருந்து வரும் பொருளின்மீது ஓர் அரசாங்கம் விதிக்கும் வரியே இறக்குமதி வரியாகும். துறைமுகத்தில் அதனைச் செலுத்துபவர் வணிகரே. எனினும், அதன் பெரும்பகுதி பொருளின் விலையோடு சேர்ந்து, முடிவில் கடையில் வாங்குவோரின் தலையிலேயே விழுகின்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அயல்நாட்டுப் பொருளொன்றின் விலை 100 வெள்ளி. வரி 12 விழுக்காடு. அது கடையில் 112 வெள்ளியாகும். அதே பொருளை உள்நாட்டில் ஒருவர் 108 வெள்ளிக்கு விற்றால் மக்கள் அவரிடமே வாங்குவர். வரி நீங்கினால் வாங்குவோர்க்கு 8 வெள்ளி மிச்சம். உள்நாட்டில் விளைவித்தவர்க்கோ சந்தை பறிபோகும். ஒருவர்க்குச் சுமையாக இருப்பது மற்றவர்க்கு வேலியாக இருக்கின்றது.

இதற்குப் பிரிட்டன் தக்க சான்றாகும். 1973ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்த அந்நாடு, 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பின்படி, 2020 ஜனவரி 31ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியது. ஒன்றியத்தில் இருந்தவரை, உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்கவரி இல்லை. வெளிநாட்டுப் பொருள்களுக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே வரியை விதித்தன. விலகிய பின்னர், 2021 ஜனவரி முதல் நாள் தொடங்கி, பிரிட்டன் தனக்கென வரிப்பட்டியல் வகுத்துக்கொண்டது. அதன்படி ஈஸ்டுக்கு இருந்த 12 விழுக்காடும், கொக்கோ தூளுக்கு இருந்த 8 விழுக்காடும் நீக்கப்பட்டன. ஆயினும், உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் பொருட்டு, கார்களுக்கு 10 விழுக்காடும், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஆகியவற்றுக்கான வரிகளும் நிலைநிறுத்தப்பட்டன.

ஐரோப்பாவுடன் 2020 டிசம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டால் இரு தரப்புப் பொருள்களும் வரியின்றிச் செல்கின்றன. ஆனால், பொருள் அவ்விடத்திலேயே உற்பத்தியானது என்பதை மெய்ப்பிக்க வேண்டும். சுங்கப் பத்திரங்களையும் நிரப்ப வேண்டும். வரி இல்லையெனினும் அச்செலவும் விலையில் ஏறும்.

ஆஸ்திரேலியாவுடன் செய்த ஒப்பந்தம் 2023 மே 31இல் நடப்புக்கு வந்தது. வரியின்றி அனுமதிக்கப்படும் மாட்டிறைச்சியின் அளவு, ஆண்டுக்கு 35,000 டன்னில் தொடங்கி, பத்தாம் ஆண்டில் 110,000 டன்னை எட்டும். இறைச்சி மலிந்தால் நகரத்துக் குடும்பங்கள் மகிழும். பரந்த மேய்ச்சல் நிலங்களில் மலிவாக வளர்க்கப்படும் கால்நடைகளோடு எவ்வாறு போட்டியிடுவது என்று பிரிட்டிஷ் விவசாயிகள் அஞ்சுகின்றனர்.

இதில் நமக்கு என்ன பங்கு எனக் கேட்கலாம். மலேசியா உறுப்பியம் பெற்றுள்ள பசிபிக் வட்டார வணிக ஒப்பந்தத்தில் 2024 டிசம்பர் 15இல் பிரிட்டனும் இணைந்தது. அதனால் நம் செம்பனை எண்ணெய்க்கு அங்கு 12 விழுக்காடு வரை இருந்த வரி நீங்கியது. கச்சா ரப்பருக்கோ அங்கு முன்பும் வரி இல்லை. தொழில்வள நாடுகள் பொதுவாக மூலப்பொருளை வரியின்றி வரவேற்று, டயர் போன்ற செய்பொருளுக்கு வரி விதிக்கின்றன. மூலப்பொருள் மட்டும் இங்கிருந்து போக, அதைப் பதப்படுத்தி டயராக்கும் வேலையும் ஊதியமும் அங்கேயே தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டத் தொழிலாளி கடையில் வாங்குபவர். வெட்டுக் காட்டில் விளைவிப்பவர். ஆகவே வரி மாற்றச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இரு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம்: நாம் வாங்கும் பொருளின் விலை என்னவாகும்? நாம் விளைவிக்கும் பொருளின் விலை என்னவாகும்?