வேலை தேடுவதற்கும் ஒரு கணக்கு

நாயாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால், வாடைக்காற்றுக் காலத்தில் கருவாட்டுப் பந்தல்கள் வெறுமையாகவே கிடக்கும். வள்ளம் இறங்காத மாதங்களில் மீன் வெட்டுவதும் உப்பிடுவதும் வலை கழற்றுவதும் நின்றுவிடும். கையிலே காசும் நின்றுவிடும். அப்படியான ஒரு நாளில் கருவாடு போடும் அக்கா ஒருவர் என்னைக் கேட்டார். "லண்டனிலை வேலை இல்லாமல் வீட்டிலை இருந்தாலும் அரசாங்கம் காசு குடுக்குதாம். உண்மையோ பிள்ளை? எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் "வீட்டில் இருந்தாலும்" என்ற சொல் சரியல்ல. அங்கே சும்மா இருப்பவருக்குக் காசு வருவதில்லை. வேலை தேடுகிறேன் என்று காட்டிக்கொண்டே இருப்பவருக்குத்தான் வருகிறது.

பிரித்தானியாவில் வேலையற்றோர் காப்புறுதி 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. வாரத்துக்கு 7 சிலிங், வருடத்தில் ஆகக் கூடியது 15 வாரங்கள். கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரம் போன்ற சில தொழில்களுக்கே அது கிடைத்தது. அவை பெரும்பாலும் ஆண்களின் தொழில்கள். முதலாம் உலகப் போருக்குப் பின்னர், 1921இல், "மெய்யாகவே வேலை தேடுகிறார்" என்று நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. வேலையே இல்லாத ஊர்களிலும் வாசல் வாசலாக ஏறி இறங்கியதைச் சொல்ல வேண்டியிருந்தது. இதில் அதிகம் அடிபட்டவர்கள் பெண்கள். எதிர்ப்பு வலுத்து 1930இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வேறொரு சட்டம் வந்து, மணமான பெண்கள் பலரின் கொடுப்பனவை நிறுத்தியது. கலியாணம் கட்டியவளுக்குப் புருசன் இருக்கிறான்தானே என்ற எண்ணம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல.

இன்று அங்கே நடைமுறையில் உள்ளது 2013இல் தொடங்கிய யுனிவேர்சல் கிரெடிட். என் சித்தியின் மகள் வேலை செய்த கடை மூடப்பட்டபோது இதற்கு விண்ணப்பித்தாள். முதலில் ஓர் உடன்படிக்கையை ஏற்க வேண்டும். என்னென்ன செய்து வேலை தேடுவேன், எத்தனை மணி நேரம் தேடுவேன் என்பது அதில் இருக்கும். தடையேதும் இல்லாதவருக்கு வாரம் 35 மணி நேரம் வரை. எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன், என்ன பதில் வந்தது என்பதை இணையக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். அலுவலகம் அழைக்கும் நாளில் போக வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் பணம் வெட்டப்படும். கிடைத்த வேலையை மறுத்தால் முதல் தடவையிலேயே 91 நாட்கள் வரை வெட்டு விழலாம். "அண்டைக்குக் கடையிலை நிண்டதை விட இப்பதான் களைப்பா இருக்கு அக்கா" என்று தொலைபேசியில் சொன்னாள்.

ஆனாலும் நான் கவனித்த ஒன்று உண்டு. பிள்ளை வளர்ப்பதும் அங்கே கணக்கில் வருகிறது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, பிரதான பராமரிப்பாளர் வேலை தேட வேண்டியதில்லை. மூன்று வயதுக்குப் பின்னரே தேடும் கடமை வருகிறது. வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்ணுக்கு 13 வாரங்கள் தேடுதலில் இருந்து விலக்கு உண்டு. பிள்ளையும் கையில் இருந்தால் இன்னும் 13 வாரங்கள். அடிபட்டு வந்தவள் மறுநாளே வேலை கேட்டு அலைய முடியாது என்பதைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

கடற்றொழிலுக்கு ஏற்ற முறைகளும் உலகில் உண்டு. கனடாவில் 1957 முதல் மீனவர்களும் வேலையின்மைக் காப்புறுதிக்குள் வந்தார்கள். அங்கே மணித்தியாலத்தைப் பார்ப்பதில்லை, பருவத்தில் பிடித்த மீனால் கிடைத்த வருமானத்தைப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாட்களுக்கும் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது. மீனவப் பெண்களுக்கென்று தனிச் சேமிப்புத் திட்டமும் இருக்கிறது. பெண் 1,500 ரூபா சேமித்தால் அரசு 3,000 சேர்த்து, மீன் குறைந்த காலத்தில் 4,500 ஆகத் திருப்பிக் கொடுக்கும். வேலை தேடினாயா என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் வேலையின்மைக் காப்புறுதி இல்லை. 2023 யூலையில் தொடங்கிய அஸ்வெசும குடும்பத்தின் வறுமை நிலையைப் பார்த்துத் தரப்படுவது. நேற்று வேலை போனது என்பதற்காக நாளை அது வராது. ஆனால் வேலையை விட்டவருக்கு உரித்தான வேறு மூன்று பணங்கள் உள்ளன. ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வந்த எமது பிள்ளைகள் பலர் இவற்றைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று, ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் உங்களிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம். பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். திருமணத்துக்காக வேலையை விட்டாலும் எடுக்கலாம். இரண்டாவது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுவது. வேலையை விட்டதும் வயதைப் பாராமல் கேட்கலாம், பிறகு அடுத்த முறைக்கு ஐந்து வருடம் செல்ல வேண்டும். கையில் ஒன்றுமில்லாத மாதத்துக்கு உதவக்கூடியது இதுதான். மூன்றாவது, பணிக்கொடை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்.

இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்களுக்கு ஒரு சொல். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் சம்பளப் பட்டியலில் இன்னொரு விதமாகவும் பெயர் இருந்தால், பணம் அங்கேயே நின்றுவிடும். வேலையை விடும் முன்னரே அதைத் திருத்துங்கள்.

கருவாட்டுப் பந்தலில் நாட்கூலிக்கு நிற்பவர்களுக்கு இதெல்லாம் இல்லை என்று அந்த அக்கா நினைத்திருந்தார். அப்படியல்ல. முதலாளிக்குக் கீழே வேலை செய்பவர் நாட்சம்பளம் பெற்றாலும், துண்டுக்கணக்கில் பெற்றாலும் சேமலாப நிதிச் சட்டம் அவருக்கும் பொருந்தும். சொந்தக் குடும்பத் தொழில் என்றால்தான் வேறு. கரையோரத்தில் எவரும் கட்டுவதில்லை, எவரும் கேட்பதுமில்லை. தொழில் அலுவலகத்தில் முறையிடப் போனால், எத்தனை நாள் வேலை செய்தீர்கள், யாரிடம், என்ன சம்பளம் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த அக்காவுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பருவம் தொடங்கியதும் திகதியும் கூலியும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எழுத்து வராது என்றார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் எழுதுவாள்.