பூவுக்குத் தண்ணீர் ஏறும் வழி

செவ்வாய்க்கிழமை என்றால் கொழும்புக் கொச்சிக்கடைக்குப் பூ வந்தாக வேண்டும். புனித அந்தோனியார் கோயிலுக்கு அன்று வருகிறவர்களில் கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் இருப்பார்கள். மெழுகுவர்த்தியோடு மாலையோ, நான்கைந்து தண்டு ரோசாவோ கையில் இருக்கும். கொஞ்சத் தூரம் நடந்தால் பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் 1850களில் கட்டிய கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் கருங்கல்லில் எடுப்பித்தார். அங்கே பூ மாலையாகத் தொங்குகிறது. இங்கே சாடியில் நிற்கிறது.

இந்த இரண்டு பூவுக்கும் பிரச்சினை ஒன்றுதான்: தண்ணீர். செடியில் இருந்தவரை வேர் கொடுத்தது. வெட்டியதும் அந்த வரவு நின்றுவிட்டது. இதழும் இலையும் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. மாலை கட்டுகிறவர்கள் செலவைக் குறைக்கிறார்கள். மல்லிகையை மொட்டாகவே எடுப்பது, நனைத்த வாழைநாரில் தொடுப்பது, வாழையிலையில் சுற்றுவது, ஈரத்துணி போடுவது எல்லாம் அதற்காகத்தான். சாடியில் பூ வைப்பவர் வரவைப் பெருக்கப் பார்க்கிறார். அங்கேதான் பலருக்குக் கை தவறிவிடுகிறது.

தண்டுக்குள் மெல்லிய குழாய்கள் நிறைய உண்டு. இலை ஈரத்தை இழக்க இழக்க, அந்தக் குழாய்களில் தண்ணீர் கீழிருந்து இழுபட்டு நிற்கும். வெட்டிய கணத்தில் அந்த இழுவை அறுந்து, தண்ணீர் உள்ளே வாங்கிக்கொள்ள, காற்று புகுந்து அடைத்துவிடும். பிறகு சாடி நிறையத் தண்ணீர் இருந்தாலும் பூவுக்குத் தாகம்தான். அதனால் பூ வீட்டுக்கு வந்ததும் தண்டின் அடியை இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் மறுபடி வெட்ட வேண்டும். ஒரு வாளித் தண்ணீருக்குள் பிடித்தபடியே வெட்டினால் இன்னும் நல்லது. சரிவாக வெட்டினால் தண்டின் வாய் சாடியின் அடியில் ஒட்டி மூடிக்கொள்ளாது. மழுங்கிய கத்தரிக்கோல் குழாயை நசுக்கும். கூர்மையான கத்தி நல்லது. தண்டைக் கல்லில் தட்டி நசுக்கினால் தண்ணீர் ஏறும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதைக் கைவிடுவது நல்லது. நசுங்கிய இடம் அழுகும், அழுகல் குழாயை அடைக்கும்.

அடுத்த எதிரி பக்டீரியா. கொழும்பின் சூட்டில் சாடித் தண்ணீர் இரண்டு நாளில் கலங்கி மணக்கத் தொடங்குவது அதனால்தான். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கட்டாயம் கழிக்க வேண்டும். சாடியைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீரைத் தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றலாம். ரோசா கழுத்து ஒடிந்ததுபோல் தலை தொங்கினால் பலர் எறிந்துவிடுகிறார்கள். எறிய அவசரப்பட வேண்டாம். அடியை வெட்டி, பூவும் தண்டுமாக ஓர் அகன்ற பாத்திரத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடத்தினால் பல தடவை நிமிர்ந்துவிடும்.

கடையில் விற்கும் பூ உணவுப் பொட்டலத்தில் மூன்று பொருள்: உணவாகச் சர்க்கரை, தண்ணீர் ஏறப் புளிப்பு, பக்டீரியாவைக் கொல்ல ஒரு மருந்து. வீட்டிலும் செய்யலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, ஒரு தேக்கரண்டி துணி வெளுக்கும் திரவம். வெளுப்பானையும் தேசிப்புளியையும் தண்ணீர் இல்லாமல் நேரே கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். சீனியை மட்டும் போட்டால் பூவுக்கு முன் பக்டீரியா சாப்பிட்டுவிடும்.

தமிழ் வீடுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று, பழம். தட்டத்தில் பூவும் கதலிப்பழமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது நமக்கு மங்கலம். ஆனால் பழுக்கும் வாழைப்பழம் எதிலீன் என்ற வாயுவை விடுகிறது. அது பூவையும் முதிரச் செய்துவிடும். 1901இல் ரஷ்யரான நெல்யூபோவ், ஆய்வுகூடத்தில் வளர்ந்த பட்டாணி நாற்றுகள் கோணலாகப் போவதற்கு விளக்கு வாயுவில் இருந்த எதிலீனே காரணம் என்று கண்டார். கார்னேஷன் இதற்கு மிகவும் பயந்த பூ. கொஞ்சம் பட்டாலே இதழ் உள்ளே சுருண்டு தூங்கிவிடும். ஓர்க்கிட்டும் தாங்காது. செவ்வந்திப்பூ பெரிதாகக் கவலைப்படாது. வாகனப் புகையிலும் எதிலீன் உண்டு என்பதால், தெருவோரத்தில் நாள் முழுக்க நின்ற கார்னேஷனை வாங்கும்போது யோசிக்க வேண்டும். பூசைத் தட்டத்தில் சேர்ந்து இருப்பது ஒரு பொழுதுக்குத்தான், அதில் குறையில்லை. இரவு முழுக்கப் பூச்சாடியைப் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைப்பதுதான் கூடாது.

குளிர் விஷயத்திலும் எல்லாப் பூவும் ஒன்றல்ல. நுவரெலியாவும் வெலிமடையும் தரும் ரோசாவும் கார்னேஷனும் மலைக்குளிரில் வளர்ந்தவை. கொழும்பின் 30 பாகை வெயிலில் வேகமாக மூச்சுவிட்டு வேகமாகத் தீர்ந்துபோகும். அவற்றைக் குளிரில் வைத்தால் நாள் கூடும். அந்தூரியமும் டென்ட்ரோபியம் ஓர்க்கிட்டும் வெப்ப நாட்டுப் பூக்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் கறுத்துப்போகும். கம்பஹாப் பக்கத்தில் வளரும் இந்த இரண்டும்தான் கொழும்புக்கு ஏற்றவை என்பது இந்தக் கட்டுரையின் பக்கச்சார்பு. அந்தூரியத்தின் சிவப்பு உண்மையில் இதழல்ல, நிறம் மாறிய இலை. அதனால்தான் இரண்டு வாரம்கூட நிற்கிறது.

தண்ணீர் சரியானால் பிறகு அழகு. சாடியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு பூவின் உயரம் என்பது தொடங்க நல்ல கணக்கு. முதலில் இலைகளால் உருவத்தைக் கட்டி, நீண்ட தண்டுகளால் கோட்டை இழுத்து, கண் போய் நிற்கும் இடத்தில் பெரிய பூக்களை வைத்து, கடைசியில் சின்னப் பூக்களால் இடைவெளியை நிரப்புவார்கள். எல்லா இடைவெளியையும் நிரப்பினால் ஒரு பூவும் தெரியாது. ஜப்பானியரின் இகெபானா வெறும் இடத்தையும் ஒரு பொருளாகவே எண்ணும்.

கோயிலுக்குச் செய்வதில் இன்னொரு கணக்கு உண்டு. கடைசி வாங்கில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஊதாவும் நீலமும் மங்கிவிடும். வெள்ளையும் மஞ்சளும் எழுந்து நிற்கும். அந்தோனியார் சுரூபத்தின் கையில் காணும் லீலியும் வெள்ளைதான். லீலி வைப்பவர்கள், பூ விரிந்ததும் நடுவிலுள்ள மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட வேண்டும். மகரந்தம் பீடத்துணியில் விழுந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்க்காமல், ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்கலாம். பூவைப் பீடத்தின் மேல் வைப்பதைவிடச் சுற்றி வைக்கவே திருப்பலி ஒழுங்குவிதி சொல்கிறது. தவக்காலத்தில், சில நாட்கள் தவிர, பூவே கிடையாது. பூ பீடத்துக்குத் திரும்பி வரும் பெருநாள் உயிர்த்த ஞாயிறு. 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த காலை, அப்படியொரு நாள். ஜூன் 13 அந்தோனியார் திருவிழாவுக்கு முதல் நாள் கோயில் மறுபடி திறந்தது.

அலங்காரக்காரர்கள் நம்பியிருக்கும் பச்சைப் பஞ்சுக்கட்டி அமெரிக்கரான வேர்னன் சுமிதர்ஸ் 1954இல் கொண்டுவந்தது. தண்ணீரில் அமுக்காமல், தானாகத் தாழவிட வேண்டும். அமுக்கினால் உள்ளே வறண்ட இடம் மிஞ்சும். வசதியான பொருள்தான். ஆனால் அது பிளாஸ்ரிக். உதிர்ந்து தண்ணீரோடு போனால் மக்காது. கொச்சிக்கடை வாய்க்கால் போய்ச் சேரும் கடல் எட்டும் தூரத்தில் இருக்கிறது. உருட்டிய கம்பிவலை அல்லது ஊசிப்படுக்கை போன்ற கென்சான் வருடக்கணக்கில் உழைக்கும். குறுக்கே வெட்டிய வாழைத்தண்டில் ஈர்க்கும் பூவும் குத்தி நிறுத்துவது இந்த ஊர்க் கைகளுக்குப் புதிதல்ல, ஈரமும் அதிலேயே இருக்கிறது.

திருவிழா மாதமான ஜூன் மழைக்காலம். நனைந்த ரோசா இதழில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே பூவின் தலையில் தண்ணீர் தெளிக்காமல், காற்று வர இடைவெளி விட்டு வைப்பார்கள். வியாழனளவில் ரோசாவைக் கழிக்க வேண்டி வரும். சாடியைக் கழுவி, அந்தூரியத்தின் அடியை மறுபடி வெட்டி, புதுத் தண்ணீரில் வைத்தால் அது அடுத்த செவ்வாய்க்கும் நிற்கும்.