எந்தச் சர்வரில் நிற்கிறோம்?

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கணக்கு என்பது விவசாயி பெயர், பெட்டி, விலை, கமிஷன், இறக்குக்கூலி. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நினைக்கும் மண்டிக்காரரும், ஓசூர் சிப்காட்டுக்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறைக்காரரும் முதலில் கேட்பது, எந்த டேட்டாபேஸ் போடலாம் என்பதைத்தான்.

இதற்குப் பதில் எளிது. ஒரே கம்ப்யூட்டரில் ஒருவர் மட்டும் பதிவு செய்கிறார் என்றால் 2000-இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய எஸ்கியூலைட் போதும். மொத்தக் கணக்கும் ஒரே ஃபைலில் அடங்கிவிடும். நாலு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் போஸ்ட்கிரெஸ் அல்லது மரியாடிபி. இரண்டும் இலவசம்.

அதைவிட முக்கியம், அந்த டேட்டாபேஸை நாம் திறந்து பார்க்கவும் திருத்தவும் காக்கவும் வைத்திருக்கும் கருவி. அதில்தான் பலர் கவனம் வைப்பதில்லை.

முதலில் மொழி. இந்த வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் பெயர்க் கட்டத்தைச் சாதாரண ‘வார்சார்’ வகையில் அமைத்துவிட்டு, ‘வெங்கடப்பா’ என்று தமிழில் எழுதிச் சேமித்தால், திரும்பத் திறக்கும்போது பத்துக் கேள்விக்குறிகள்தான் இருக்கும். அதிலிருந்து பெயரை மீட்க வழியே இல்லை. ‘என்வார்சார்’ வகையாக இருக்க வேண்டும். கட்டளையில் பெயருக்கு முன்னால் ‘என்’ எழுத்தும் போட வேண்டும். எந்தக் கருவியானாலும் மூன்று எழுத்திலும் மூன்று பெயரை ஏற்றி, மூடித் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

அடுத்து, தவறுதலாக அழித்துவிடும் ஆபத்து. 2017 ஜனவரி 31 அன்று நடந்தது இது. கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் துணைச் சர்வரைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், அதிலுள்ளதை அழிப்பதாக நினைத்து முதன்மைச் சர்வரில் இருந்ததை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடிப் போனால் அங்கே ஒன்றுமே இல்லை. பேக்கப் எடுக்கும் ‘பிஜிடம்ப்’ கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸோ 9.6. தன்னைவிடப் புதிய சர்வரை அந்தக் கருவி தொடாது. தினமும் தோற்றிருக்கிறது, அதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது.

அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால், கணக்கும் கணினியும் ஒரே ஆள் கையில் இருக்கும் மண்டியில் எத்தனை எச்சரிக்கை வேண்டும்! அதனால்தான் நான் டிபீவர் என்ற கருவியைச் சொல்வேன். இலவசப் பதிப்பிலேயே அசல் டேட்டாபேஸுக்குச் சிவப்பு, சோதனைக்கு வேறு நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். எதை அழிப்பது என்று சொல்லும் ‘வேர்’ நிபந்தனை இல்லாமல் ‘டெலீட்’ கட்டளை கொடுத்தால் நிறுத்திக் கேட்கும். போஸ்ட்கிரெஸுக்கான பிஜிஅட்மின் கருவியிலும் சர்வருக்கு நிறம் கொடுக்க முடியும். மைஎஸ்கியூஎல் ஒர்க்பெஞ்ச் கருவி நிபந்தனை இல்லாத அழிப்பைத் தானாகவே தடுக்கும். அந்தத் தடையைத் தொல்லை என்று நீக்கிவிடாதீர்கள்.

சர்வரைப் புதுப்பிக்கும் அன்றே பேக்கப் கருவியின் பதிப்பையும் பாருங்கள். மாதம் ஒருமுறை, மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் முந்தின நாள் பேக்கப்பை ஏற்றி, அன்றைய பெட்டிக் கணக்கைக் கூட்டி, மண்டிச் சிட்டையோடு ஒத்துப் பாருங்கள்.