பளிச்சென்ற விளக்கா, பரந்த விளக்கா?

வீட்டுக்குள் மேசைமேல் ஒரு பழைய நாணயத்தையோ, செம்பருத்திப் பூவையோ, செத்துக் கிடந்த பொன்வண்டையோ வைத்து நெருக்கத்தில் படமெடுத்துப் பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: வெளிச்சம் போதவில்லை. படம் இருண்டு, புள்ளிபுள்ளியாக வருகிறது. உடனே இன்னும் பளிச்சென்ற விளக்கைத் தேடிப் போகிறார்கள். பலர் ரிங் லைட்டோடு திரும்புகிறார்கள். பணம் செலவான அளவுக்குப் படம் மாறுவதில்லை. ஏனென்றால், இங்கே இரண்டு சிக்கல்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பொருள்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பது ஒன்று. அந்த ஒளி எவ்வளவு அகலமான பரப்பிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மற்றொன்று. முதல் சிக்கலைக் காசு செலவில்லாமலேயே தீர்த்துவிடலாம். படத்தின் அழகையும் தெளிவையும் முடிவுசெய்வது இரண்டாவதுதான். அதற்கும் ஒரு தாள் போதும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒளி போதவில்லை என்ற குறை கற்பனை அல்ல. நெருங்க நெருங்க லென்ஸ் சென்சாரைவிட்டு முன்னே தள்ளிப் போகிறது. உள்ளே வரும் அதே ஒளி பெரிய பரப்பில் பரவி நீர்த்துவிடுகிறது. பொருளின் உண்மை அளவிலேயே சென்சாரில் பிம்பம் விழும்படி எடுத்தால், கேமராவில் லென்ஸின் துளையை எஃப் 8 என்று வைத்திருந்தாலும் அது எஃப் 16 போலத்தான் வேலை செய்யும். அதாவது, ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இன்னொரு நெருக்கடியும் உண்டு. அந்த நிலையில் ஃபுல் பிரேம் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். வண்டின் கண் தெளிந்தால் கால் மங்கும். ஆழத்தைக் கூட்ட லென்ஸின் துளையைச் சுருக்கினால் ஒளி மேலும் குறையும். மிகவும் சுருக்கினால் ஒளி அலைகள் துளையின் விளிம்பில் விலகிப் பரவி, படம் முழுவதுமே மழுங்கிவிடும்.

ஆனால் நாணயமும் இறந்த வண்டும் அசைவதில்லை. அசையாத பொருளுக்கு ஒளி குறைவாக இருந்தால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நூறில் ஒரு நொடியில் கிடைக்கும் ஒளியைப் போல நூறு மடங்கு ஒரு முழு நொடியில் கிடைக்கிறது. ஐஎஸ்ஓ அளவை ஏற்றத் தேவையில்லை; புள்ளிகளும் வராது. கேமராவை ட்ரைபாடிலோ புத்தக அடுக்கின்மேலோ அசையாமல் நிறுத்தி, இரண்டு நொடி டைமரை வைத்து, கையை எடுத்துவிட வேண்டும். பூவாக இருந்தால் மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். இன்னொரு நன்மையும் சேர்ந்தே கிடைக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றன. ஷட்டர் வேகமாக இருந்தால் இதுவே படத்தில் கறுப்புப் பட்டைகளாக விழும். அரை நொடி, ஒரு நொடி என்று எடுக்கும்போது அந்தத் துடிப்பெல்லாம் சராசரியாகிக் கலந்துவிடுகிறது. ஆக, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 9 வாட் பல்பே ஒளியின் அளவுக்குத் தாராளமாகப் போதும்.

அதே பல்பு ஏன் அசிங்கமான படத்தைத் தருகிறது என்பதுதான் சுவாரசியமான கேள்வி. பொன்வண்டின் முதுகு கண்ணாடி போன்றது. அது ஒளியைச் சிதறடிப்பதைவிட விளக்கின் உருவத்தையே அதிகம் திருப்பிக் காட்டுகிறது. 6 சென்டிமீட்டர் அகலமுள்ள பல்பை அரை மீட்டர் தள்ளி வைத்தால், வண்டின் பார்வையில் அது ஏழு டிகிரிக்கும் குறைவான ஒரு வட்டம். அந்தச் சிறு வட்டத்துக்குள் ஒளி முழுவதும் குவிந்திருப்பதால் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு எரிகிறது, சுற்றிலும் இருட்டு. பொட்டு விழுந்த இடத்தில் பச்சை நிறமே பதிவாவதில்லை. இப்போது வண்டிலிருந்து 10 சென்டிமீட்டரில் ஓர் ஏ4 ட்ரேசிங் பேப்பரை நிறுத்தி, ஒளி தாள் முழுவதும் பரவும்படி பல்பைத் தாளுக்குப் பின்னால் வையுங்கள். இனி வண்டுக்கு விளக்கு என்பது பல்பு அல்ல, அந்தத் தாள். அதன் நீளவாக்கில் அது 110 டிகிரிக்கும் மேல் விரிந்து நிற்கிறது. வெள்ளைப் பொட்டு பரந்து வெளிறி, அடியிலுள்ள பச்சை தெரிகிறது. நிழலின் ஓரம் மெல்லக் கரைகிறது. தாள் கணிசமான ஒளியைத் தின்றுவிடுமே என்றால், ஆம், தின்றுவிடும். ஷட்டர் நேரத்தைக் கூட்டினால் கணக்கு சரியாகிவிடும்.

ஒரு மனிதரை இப்படிப் படமெடுக்க ஆளுயர சாஃப்ட்பாக்ஸ் வேண்டும். கட்டைவிரல் அளவுள்ள பொருளுக்கு ஒரு தாளே வானம். சிறிய பொருளை எடுப்பவருக்கு இயற்கை தந்திருக்கும் இந்தச் சலுகையைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதே இல்லை என்பது வருத்தமான விஷயம். ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் இதைச் செய்துகாட்டினார். பெர்லின் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த அவர் சிற்பக்கலை பயின்றவர். முறையாகப் புகைப்படம் கற்றவர் அல்ல. தானே செய்த கேமரா, பின்னால் வெறும் அட்டை, மென்மையான பகல் வெளிச்சம். இவற்றைக் கொண்டு அவர் எடுத்த தளிர்களும் விதைகளும் 1928இல் புத்தகமாக வந்தன. இன்றும் அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன.

மென்மையான ஒளி எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும் என்பது இதற்கு எழும் வலுவான மறுப்பு. நாலாபுறமும் வெள்ளைத் தாளால் மூடிய லைட் பாக்ஸுக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும்; அதில் வைத்த நாணயம் செதுக்கல் தெரியாத வெறும் வட்டமாகத்தான் வரும். லென்ஸைச் சுற்றி முன்னாலிருந்து அடிக்கும் ரிங் லைட்டும் அப்படியே. நிழலைத் துடைத்துவிடுவதோடு, பளபளப்பான பொருளில் தன் வளையத்தையும் பதித்துவிட்டுப் போகும். தீர்வு, அகலமான ஒளியை ஒரே பக்கத்தில் நிறுத்துவது. எதிர்ப்பக்கம் எவ்வளவு இருட்ட வேண்டும் என்பதை ஒரு துண்டுத் தெர்மாகோலை நெருக்கியும் விலக்கியும் தீர்மானிக்கலாம். ராஜராஜன் காலத்துச் செப்புக்காசு போன்ற தேய்ந்த நாணயங்களுக்கும், எழுத்தாணியால் கீறிய ஓலைச்சுவடிகளுக்கும் விளக்கைப் பரப்போடு ஒட்டித் தாழ்த்திச் சாய்வாக அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் அப்போது நிழலால் எழும்பி நிற்கும்.

இதன் ஆற்றலுக்கு ஏதென்ஸில் சான்று இருக்கிறது. கடலடியில் கிடந்த ஆன்டிகைதெரா என்ற கிரேக்கப் பல்சக்கரக் கருவியின் துண்டுகளை 2005இல் ஹெச்பி ஆய்வகத்தின் குழு படமெடுத்தது. கேமராவை அசைக்காமல், ஒரு கவிகையில் பொருத்திய விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டு, வெவ்வேறு திசைகளிலிருந்து ஒளி விழும் படங்களைக் கணினியில் இணைத்தார்கள். அரிப்புக்குள் மங்கிக் கிடந்த எழுத்துகள் படிக்கும்படி துலங்கின. அந்த எழுத்துகளை மீட்டுத் தந்தது விளக்கின் வாட் கணக்கு அல்ல, அது நின்ற திசை. வீட்டில் ஒரே விளக்கைக் கடிகார முள்போல நகர்த்தி எட்டு படம் எடுத்தாலே, எந்தக் கோணத்தில் எழுத்து துலங்குகிறது என்று கண்டுகொள்ளலாம்.

உயிரோடு அசையும் எறும்புக்கு இதெல்லாம் ஆகாது என்பார்கள்; நியாயம்தான். அங்கே நேரத்தைக் கூட்ட முடியாது, ஃபிளாஷ் வேண்டும். குறைந்த ஆற்றலில் ஃபிளாஷ் எரியும் நேரம் ஆயிரத்தில் ஒரு நொடியைவிட மிகக் குறைவு, அசைவு உறைந்துவிடும். ஆனால் அங்கும் ஃபிளாஷுக்கு முன்னால், எறும்பை நெருங்கி, அதே தாள் நிற்க வேண்டும். செல்போனில் எடுப்பவர்களுக்கு வேறொரு தடை: மேக்ரோ லென்ஸ் பொருளுக்கு மிக அருகில் போவதால் போனின் நிழலே பொருளை மறைக்கிறது. சற்றே விலகி வந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் ஒளி நுழைய இடம் கிடைக்கும்.

நிறம் பற்றியும் ஒரு சொல். மலிவான வெள்ளை எல்இடியில் நீலம் தூக்கலாகவும் ஆழ்ந்த சிவப்பு குறைவாகவும் இருக்கும்; செம்பருத்தி அதில் சோர்ந்து தெரியும். பல்பு வாங்கும்போது, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் இருக்கிறதா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தையும் மஞ்சள் பல்பையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். ஐரோப்பிய நூல்கள் வடக்கு ஜன்னலைப் பரிந்துரைக்கும். சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்பதால் அந்த யோசனையை இங்கே அப்படியே நம்ப முடியாது. ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் திசைக் கவலை தீரும். சூடேறும் பழைய குண்டு பல்பு, ஹாலஜன் விளக்குகளுக்கு அருகில் மட்டும் தாளையோ துணியையோ கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும்.

புதிய விளக்குக்கென்று பணம் எடுத்து வைத்திருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். இன்று இரவே மேசை விளக்கின்கீழ் ஒரு ஸ்பூனை வைத்து, தாள் இல்லாமல் ஒன்று, தாளை நெருக்கி வைத்து ஒன்று என இரண்டு படம் எடுத்துப் பாருங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.