காணி உறுதியோடு கிணற்று அறிக்கையும் வேண்டும்

கராஜ், சேர்விஸ் ஸ்டேசன், பெற்றோல் செட் போன்ற தொழில்களுக்குக் காணி தேடும் சகோதரர்கள் உறுதியைப் பார்க்கிறார்கள், வீதி முகப்பைப் பார்க்கிறார்கள், வாடகையில் பேரம் பேசுகிறார்கள். அந்த வளவுக் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பவர் மிகச் சிலரே. யாழ்ப்பாணத்தில் தொழில் தொடங்குபவர் முதலில் செய்ய வேண்டிய செலவு அதுதான் என்பது எனது அபிப்பிராயம். காரணம் சுன்னாகம்.

சுன்னாகத்தில் நொதேர்ன் பவர் கம்பனியின் அனல் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளைச் சோதித்தபோது, 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தன. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதிமன்ற உத்தரவால் நிலையம் நிறுத்தப்பட்டது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம், மாசாக்கியவரே செலவையும் சுமக்க வேண்டும் என்ற அடிப்படையில் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டும்படி அக்கம்பனிக்குத் தீர்ப்பளித்தது. கிணறு ஒன்றுக்கு 40,000 ரூபா வரை. ஆண்டுக்கணக்கில் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்ற குடும்பத்துக்கு அது எம்மாத்திரம்?

இதில் வியாபாரி கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அதே வளாகத்தில் முன்பே மின்சார சபையின் பழைய மின்நிலையமும் இருந்தது. அப்படியான இடத்தில் எண்ணெய் யாருடையது என்ற கேள்வி எழாமல் இருக்காது. நீங்கள் வாடகைக்கு எடுக்கும் வளவில் முன்னர் ஒருவர் கராஜ் நடத்தி, பழைய ஒயிலை மண்ணில் ஊற்றியிருக்கலாம். சாவி வாங்கும் நாளில் எடுத்த அறிக்கை கையில் இல்லாவிட்டால், பத்து வருடத்துக்குப் பின் அயலவர் வந்து கேட்கும்போது அவருடைய ஒயிலும் உங்கள் தலையில்தான்.

எங்கள் நிலத்தின் அமைப்பும் அப்படி. அடியில் சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்புகளும் பொந்துகளும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது; மாரி மழை இறங்கித் தங்குவதே கோடைக்கும் தண்ணீர். மணல் நிலத்தில் மெதுவாக நகரும் கசிவு இங்கே வெடிப்பு வழியே ஓடி, எதிர்பாராத திசையில் உள்ள கிணற்றில் தலைகாட்டும்.

வுழூவுக்குத் தண்ணீர் பார்க்கும்போது நிறம், மணம், சுவை பார்ப்போம். இதற்கு அது போதாது. ஒயில் மேலே மிதக்கும். பெற்றோலில் உள்ள பென்சீன் போன்றவை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து நிற்கும். ஆகவே ஆய்வுகூடமே கதி. மாதிரியைப் பிளாஸ்டிக் போத்தலில் எடுக்காதீர்கள், எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுகூடம் தரும் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, குளிரில் வைத்து, தாமதிக்காமல் கொடுங்கள். கோடை முடிவில் ஒன்று, மாரி முடிந்து ஒன்று என வருடத்தில் இரண்டு அறிக்கை இருந்தால் நல்லது. தண்ணீர் ஏறி இறங்கும்போது மண்ணில் ஒட்டிய எண்ணெய் மறுபடி வெளிவரும். பெரிய இடமென்றால் குறைந்தது மூன்று கண்காணிப்புக் குழாய்க் கிணறுகள் வேண்டும். மூன்றின் நீர்மட்டத்தையும் ஒப்பிட்டால்தான் தண்ணீர் பொதுவாக எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லலாம்.

எண்ணெய் கண்டால் முதலில் கசியும் இடத்தை அடைக்க வேண்டும். தாங்கியோ, குழாயோ, கழுவுமிடத்து வடிகாலோ, எதுவானாலும். பிறகு ஊறிய மண்ணைத் தோண்டி அகற்றுவது, மிதப்பதை வழித்தெடுப்பது. சிலர் சலவைத் தூளைக் கொட்டிக் கிணறு இறைக்கிறார்கள். எண்ணெய் சிறு துளிகளாகி முழுத் தண்ணீரிலும் கலந்துவிடும், பிறகு பிரிப்பது இரட்டை வேலை. கரைந்திருப்பதைப் பம்பியால் இறைத்து, எண்ணெய் பிரிக்கும் தொட்டியிலும் கரி வடிகட்டியிலும் விட்டுச் சுத்தம் செய்யலாம். ஆனால் இங்கே கண்டபடி இறைக்கவும் முடியாது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை அறிவீர்கள். குடாநாடு முழுவதும் நன்னீர் அப்படித்தான் உப்பின் மேல் நிற்கிறது. அளவு மீறி இறைத்தால் எண்ணெய்க்குப் பதில் உப்பு மேலேறும். இதனால்தான் சுத்திகரிப்பு மாதக்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில் இழுக்கிறது.

இந்தச் செலவோடு ஒப்பிட்டால் கொங்கிறீற் தளமும், எண்ணெய் பிரிக்கும் தொட்டியும், பழைய ஒயிலுக்கு மூடியுள்ள பரலும் சில்லறைக் காசு. இத்தகைய தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் தேவை. காலம் முடியுமுன் புதுப்பித்து, கிணற்று அறிக்கைகளையும் அதே கோப்பில் போட்டு வையுங்கள்.