வண்டி நம்முடையது, நிற்கும் இடம் யாருடையது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்களுக்கு மரக்காணம் நெருங்கும்போது கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். பாத்தி பாத்தியாகத் தேங்கிய தண்ணீர், வரப்போரம் வாரிக் குவித்த உப்பு, ஓலை போட்டு மூடிய மேடுகள். வேனிலேயே படுத்து, வேனிலேயே சமைத்து ஊர் சுற்றும் தம்பதிகளை இப்போது இந்தச் சாலையிலும் பார்க்க முடிகிறது. அவர்களுக்கு ராத்தங்க இதைவிட நல்ல இடம் இல்லை என்றே தோன்றும். ஆனால் வண்டியை நிறுத்தப்போகும் அந்த மண் யாருடையது?

வெளிநாட்டுப் பயண வீடியோக்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையை நடந்து போகிறவருக்கும் கூடாரம் அடிப்பவருக்கும்தான் தருகிறது. மோட்டார் வண்டிக்கு இல்லை. சுவீடனிலும் அப்படியே. நியூசிலாந்தில் வண்டியில் தங்குவதற்கென்றே 2011 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, நகராட்சி நிலத்தில் தங்க, வண்டிக்குள் நிலையான கழிப்பறை உண்டென்ற சான்றைப் பெரும்பாலும் கேட்கிறார்கள். இந்தியக் குடிமக்களுக்கு நாடு முழுவதும் தடையின்றிச் சென்றுவர அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு உரிமை தருகிறது. போகும் உரிமை அது. அடுத்தவர் நிலத்தில் அடுப்பு மூட்டும் உரிமை அதற்குள் வராது.

மரக்காணத்தில் சில கிலோமீட்டருக்குள் நிலம் பலமுறை கை மாறுகிறது. சாலையும் அதன் ஓரமும் அரசினுடையவை. பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்கும்படி வண்டியை விட்டுவைப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவின்படி குற்றம். சாலையை விட்டு இறங்கினால் உப்பளம். அது அரசு நிலமானாலும் குத்தகைக்காரர் கையில் இருக்கும். பாத்தியின் தரை வெறும் மண் அல்ல. சீசன் தொடங்குமுன் ஆட்கள் காலால் மிதித்து மிதித்து இறுக்கிய களிமண் தளம். ஒரு டயர் ஏறினால் தளம் பிளக்கும், அடுத்து வாரும் உப்பில் சேறு கலக்கும். பிற்பாடு குத்தகைக்காரர் இழப்பீடு கேட்டால் அதில் நியாயம் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளம் காலியாகக் கிடக்கிறதே என்று வண்டியை இறக்குகிறவர்களும் உண்டு. வேலை இல்லாத அந்த மழை மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதே மாதங்களில்தான் புயலும் வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. களிமண்ணில் புதைந்த வேனை அந்த மழையில் எந்த டிராக்டர் வந்து இழுக்கும்?

மேற்கே திரும்பினால் கழுவேலி. உப்புக்கல்லி ஓடை, இடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலோடு சேரும் இந்த உவர்நீர்ச் சதுப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல். 2024 ஆகஸ்டில் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறியது. கம்பி வேலி கண்ணில் படாததால் ஏரிக்கரைதானே என்று வண்டியை ஓட்டிவிடுகிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஆபத்து உண்டாகும் விதத்தில் தீ மூட்டுவதற்குத் தனியாகவே தடை இருக்கிறது. சட்டத்தை மீறினால் மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கிழக்கே மணல். எக்கியார்குப்பம், அழகன்குப்பம், அனுமந்தை என்று மீனவர் ஊர்கள். படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம் எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு கணக்கு உண்டு. ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துவது சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் ராத்திரி ஏதாவது ஒன்றென்றால் முதலில் ஓடி வரப்போகிறவர்கள் அவர்கள்தான். கடலில் எங்கே இழுப்பு அதிகம் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். ஜனவரியிலிருந்து, பங்குனி ஆமைகள் எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். வேன் விளக்குகள் அவற்றைத் திசை மாற்றும், முட்டையைத் தொடுவதே குற்றம்.

கடற்கரையில் நிற்கும் வேனைப் பார்த்தால் திருடனும் பாம்பும்தான் நமக்கு நினைவு வரும். என் கணக்கில் அவற்றைவிடப் பெரிய ஆபத்து வண்டிக்குள்ளேயே இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அடிபட்ட காயம் இல்லை. ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை தரையில் இருந்த துளை வழியாக உள்ளே ஏறியிருந்தது. அதே வண்டியில் நிபுணர்கள் சோதித்துப் பார்த்தபோது இரண்டே மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடின் அளவு 900 பிபிஎம்-ஐத் தாண்டியது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை கனக்கும், தூக்கம் வரும், எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்ற நினைப்பே வராது. மரக்காணத்தின் புழுக்கமும் கொசுவும் சேர்ந்தால் யாருக்கும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடத்தான் தோன்றும். என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உள்ளே தூங்கக் கூடாது. கரி அடுப்பை அணைந்துவிட்டது என்று நம்பி உள்ளே எடுத்து வைக்கவும் கூடாது. எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் திறந்து, கொசுவலை போட்டிருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் பெரிய விலை இல்லை. வண்டிக்குப் படுக்கை வாங்குமுன் அதை வாங்குங்கள்.

ஆள் அரவமற்ற இடம் என்பதே தனி ஆபத்துதான். 2024 மார்ச்சில் ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில், பைக்கில் உலகம் சுற்றி வந்த ஸ்பெயின் தம்பதி கூடாரத்தில் தங்கியிருந்தபோது தாக்கப்பட்டார்கள். அந்தப் பெண் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். 2025 மார்ச்சில் ஹம்பி அருகே சானாப்பூர் கால்வாய்க் கரையிலும் இரவு நேரத்தில் சுற்றுலாப் பயணிகள் தாக்கப்பட்டனர். ஒருவர் தண்ணீரில் மூழ்கி இறந்தார். பழி செய்தவன் மேல்தான், தங்கியவர் மேல் அல்ல. பரிகாரத்துக்கான வழிகளை மட்டும் முன்னாலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, எந்த எல்லையில் நடந்த குற்றத்தையும் எந்தக் காவல் நிலையத்திலும் பதியலாம். மின்னணு முறையில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்கிறது 397-ஆவது பிரிவு. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, கடலோரக் காவலுக்கு 1093. போனில் ‘காவல் உதவி’ செயலியும் இருக்கட்டும்.

ரோந்துப் போலீஸ் வந்து ஜன்னலைத் தட்டினால் பதற வேண்டாம். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் ஆகியவற்றை டிஜிலாக்கரில் காட்டினால் செல்லும். வண்டியை நகர்த்தச் சொன்னால் நகர்த்திவிடுங்கள், அந்த விஷயத்தில் வாதம் வேண்டாம். ஆனால் “கல்யாணம் ஆனதற்கு என்ன சாட்சி?” என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. வயது வந்த ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவது குற்றமாகாது என்று 2019-இல் ஒரு கோவை விடுதி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. விசாரணைச் சாட்சியாகப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவும் முடியாது; அவர் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். சூரியன் மறைந்த பின் பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான காரணமும் பெண் காவலரும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

இந்தச் சாலையில் விபத்து நேர்ந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் உண்டு. 2021 டிசம்பரில், மரக்காணத்துக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான் அதைத் தொடங்கினார்கள். காப்பீட்டு அட்டை வேண்டாம். வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் என்ற பேதமும் இல்லை.

கடலோரம் அலுத்து, ஏலகிரி, ஜவ்வாது என்று மலைக்காட்டுப் பக்கம் வண்டியைத் திருப்புகிறவர்கள் குரங்கணியை மறக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்ட மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை அரசே ஆன்லைன் முன்பதிவோடும் உள்ளூர் வழிகாட்டியோடும் திறந்தது. தீ அபாயம் மிகுந்த பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அவற்றை மூடுகிறார்கள். மூடிய பாதையில் திருட்டுத்தனமாக ஏறினால், நீங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது. தேடவும் வர மாட்டார்கள்.

கடைசியாக வண்டி. பழைய வேனைப் பட்டறையில் விட்டுக் கட்டில், சிங்க், கூரைக் கூடாரம் எல்லாம் வைக்கிறார்கள். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் தராது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதைவிடப் பெரிய அடி, மாற்றத்தைச் சொல்லவில்லை என்று காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிப்பது. ஆகவே மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றி, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, அதன் ஒப்புதல் கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்: கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால்தான் தானே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டி. வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறவர், விபத்து நடந்ததும் போனை எடுக்க மாட்டார்.

நியாயமான இழப்பீட்டுக் கோரிக்கையை இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதம் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். வாடகை நிறுவனத்தோடு தகராறு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண், அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்கு அங்கேயும் கட்டணம் இல்லை.